காற்றில் அணுகுண்டின் தடயம்: வடிதாளிலிருந்து முடிவு வரை, கொழும்பிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில், பாகிஸ்தானின் கிரானா குன்றுகளில் கதிர்வீச்சு கசிந்துவிட்டது, காற்று தெற்கே வருகிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று வெள்ளவத்தையிலிருந்து வத்தளை வரைக்கும் கைத்தொலைபேசிகளில் செய்தி ஓடியது. பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலிருந்தும் கசிவு இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் சொன்ன பிறகும் அது நிற்கவில்லை. எனக்கு உறுத்தியது வேறு விடயம். "இல்லை" என்று சொல்பவர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள், "இருக்கிறது" என்றால் எதைப் பார்த்துச் சொல்வார்கள் என்று தமிழில் ஒழுங்காக விளக்கும் ஒன்று அப்போது என் கையில் இருக்கவில்லை, கேட்டவர்களுக்கு அனுப்புவதற்கு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எவரும் இதைப் பின்தொடரலாம். கணக்கு வரும், ஆனால் கல்குலேற்றர் போதும். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்: காற்றில் ஒரு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் அகப்பட்டது என்பதற்காக எங்கோ குண்டு வெடித்தது என்று ஆகிவிடாது. எது எதோடு சேர்ந்து வந்தது, என்ன விகிதத்தில் வந்தது, எத்தனை நாள் பழையது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற நான்கும் ஒத்துப்போனால்தான் பேச்சே.

## எதைத் தேடுகிறோம்

யுரேனியமோ புளூட்டோனியமோ பிளவுபடும்போது நூற்றுக்கணக்கான சமதானிகள் பிறக்கின்றன. பெரும்பாலானவை விநாடிகளில், நிமிடங்களில் அழிந்துவிடும். நாட்கணக்கில் நின்று காற்றோடு பயணம் செய்பவைதான் நமக்கு உதவும்: பேரியம்-140 (அரைவாழ்வு 12.75 நாள்), அது அழிந்து பிறக்கும் மகளான லாந்தனம்-140 (1.68 நாள்), அயடின்-131 (8 நாள்), தெலூரியம்-132 (3.2 நாள்), மொலிப்டினம்-99 (66 மணி), சிர்க்கோனியம்-95 (64 நாள்), சீசியம்-137 (30 ஆண்டு) என்று ஒரு பட்டியல் உண்டு.

வளிமண்டலத்தில் வெடித்தால் இவையெல்லாம் தூசித் துணிக்கைகளில் ஒட்டிக்கொண்டு வடிதாளில் வந்து சேரும். நிலத்துக்கடியில் வெடித்தால் கதை மாறும். உருகிய பாறை மீண்டும் இறுகும்போது பெரும்பாலான பொருட்கள் அதற்குள்ளேயே சிக்கிவிடும். எதனோடும் இரசாயன முறையில் சேராத சடத்துவ வாயுவான செனான் மட்டும் விரிசல் வழியாகக் கசியும், சில வேளை உடனே, சில வேளை வாரக்கணக்கில் தாமதித்து. 1980 ஒக்டோபரில் சீனா செய்ததே வளிமண்டலத்தில் நடந்த கடைசிச் சோதனை. அதன் பிறகு நடந்த எல்லாமே நிலத்துக்கடியில்தான். ஆகவே இன்று செனான் பகுப்பாய்வுக்குத்தான் மதிப்பு அதிகம்.

முறை புதிதல்ல. சோவியத் ஒன்றியம் 1949 ஓகஸ்ட் 29 அன்று தன் முதல் குண்டை இரகசியமாக வெடித்தது. ஐந்து நாள் கழித்து, ஜப்பானுக்கும் அலாஸ்காவுக்கும் இடையில் பறந்த அமெரிக்க விமானத்தின் வடிதாளில் அது அகப்பட்டுவிட்டது. செப்டெம்பர் 23 அன்று ஜனாதிபதி ட்ரூமன் உலகத்துக்கே அறிவித்தார்.

இப்போது இந்த வேலையை விரிவான அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையின் கண்காணிப்பு வலையமைப்பு செய்கிறது. உடன்படிக்கையின்படி 321 நிலையங்கள். அவற்றில் 80 காற்றில் கதிர்த்தொழிற்பாட்டை அளப்பவை, அந்த 80-இல் 40 செனானையும் அளக்க வேண்டியவை. மேலும் 16 ஆய்வுகூடங்கள். இலங்கை 1996-இல் கையெழுத்திட்டு 2023 ஜூலையில் ஏற்புறுதி செய்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் இன்னும் கையெழுத்தே இடவில்லை. நம் நாட்டில் காற்று அளக்கும் நிலையம் இல்லை. நமக்குப் பக்கத்தில் என்று சொல்லக்கூடியவை தியாகோ கார்சியா, மலேசியாவின் தனா ராத்தா, தாய்லாந்தின் நாகோன் பாதோம், கோகோஸ் தீவுகள். கொழும்பைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால், எந்த நிலையத்தின் அளவை வைத்துச் சொல்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

## படி 1: மாதிரியை நம்பலாமா என்று பாருங்கள்

துணிக்கை நிலையத்தின் நியமம் இது: மணிக்குக் குறைந்தது 500 கன மீற்றர் காற்றை 24 மணி நேரம் வடிதாள் வழியாக இழுக்க வேண்டும், பிறகு 24 மணி வரை ஆறவிட வேண்டும், பிறகு உயர்தூய ஜேர்மானியம் உணரியில் ஒரு நாள் அளவில் எண்ண வேண்டும். எந்தச் சக்தியில் எத்தனை கதிர் வந்தது என்று காட்டும் நிறமாலை மூன்று நாளுக்குள் கைக்கு வந்துவிடும். பேரியம்-140-ஐக் கன மீற்றருக்கு 10 முதல் 30 மைக்ரோபெக்கரல் வரையான செறிவிலேயே பிடிக்கும் திறன் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பெக்கரல் என்றால் விநாடிக்கு ஒரு அழிவு. இது அதில் இலட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு.

ஏன் ஆறவிட வேண்டும்? காற்றில் எப்போதும் இருக்கும் இயற்கை வாயுவான ரேடன் அழிந்து பிறக்கும் குட்டிகள் வடிதாள் முழுவதும் ஒட்டியிருக்கும். அவற்றில் பல ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகிவிடும். ஈயம்-212 மட்டும் 10.6 மணி அரைவாழ்வோடு அடம்பிடிக்கும்; ஒரு நாள் காத்திருந்தால் அதுவும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காத்திருக்காமல் அளந்தால் நமக்கு வேண்டிய சிறிய உச்சங்கள் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

மாதிரி ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி பெரிலியம்-7. விண்கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் இடைவிடாமல் உண்டாக்கும் சமதானி இது, நிறமாலையில் 477.6 கிலோஇலத்திரன்வோல்ற்றில் (இனிமேல் கேஇவி என்று எழுதுகிறேன்) நிற்கும். பொதுவாகக் கன மீற்றருக்குச் சில மில்லிபெக்கரல். கடும் மழை நாட்களில் கழுவப்பட்டுக் குறையும், அது இயல்பு. ஆனால் அது அறவே இல்லை என்றால் காற்று வடிதாள் வழியாகப் போகவே இல்லை என்று அர்த்தம்: பம்பி நின்றிருக்கும், அல்லது வடிதாள் கிழிந்திருக்கும். மின்வெட்டு நாட்களில் ஓட்டப் பதிவைப் பார்க்காமல் ஒரு எண்ணையும் நம்பாதீர்கள்.

## படி 2: இயற்கையை முதலில் ஒதுக்குங்கள்

நிறமாலையைத் திறந்தவுடன் செயற்கைச் சமதானிகளைத் தேடி ஓட வேண்டாம். முதலில் தெரிந்தவர்களை அடையாளம் காணுங்கள். ஈயம்-212 238.6 கேஇவி-இல், தாலியம்-208 583.2-இலும் 2614.5-இலும், ஈயம்-214 351.9-இல், பிஸ்மத்-214 609.3-இல், பொற்றாசியம்-40 1460.8-இல். இவை எல்லாம் சரியான இடத்தில் இருந்தால் சக்தி அளவீடும் சரி. 583.2-இல் நிற்க வேண்டியது 584-இல் நின்றால், மேலே போகப் போக எல்லாமே நகர்ந்திருக்கும். அதைத் திருத்திய பிறகுதான் அடுத்த வேலை.

நம் கரையோரத்துக்கு இங்கே ஒரு தனிக் கவனம் தேவை. பேருவளைக் கடற்கரை மணலிலும் புல்மோட்டை மணலிலும் மொனசைட் இருக்கிறது. மொனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் தொடரின் வாயு வெளியேறி ஈயம்-212-உம் பிஸ்மத்-212-உம் ஆகும். அந்தப் பகுதியில் எடுத்த வடிதாளில் தோரியம் தொடர் தூக்கலாகத் தெரிந்தால் அது மண்ணின் குணம், வேறொன்றும் இல்லை. இதில் ஒரு பொறியும் உண்டு: பிஸ்மத்-212-இன் உச்சம் 727.3-இல், சிர்க்கோனியம்-95-இன் உச்சம் 724.2-இல். நல்ல உணரி இரண்டையும் பிரித்துக் காட்டும், ஆனால் தானியங்கி மென்பொருள் சில வேளை தடுமாறும். அப்படிச் சந்தேகம் வந்தால் சிர்க்கோனியத்தின் இரண்டாவது கோட்டைத் தேடுங்கள், 756.7-இல். அது இல்லையென்றால் சிர்க்கோனியமும் இல்லை. இதே போல் சீசியம்-134-இன் 604.7-ஐ பிஸ்மத்-214-இன் 609.3 பக்கத்தில் நின்று குழப்பும், 795.9-இல் இருக்கும் இரண்டாவது கோடு தீர்ப்புச் சொல்லும்.

## படி 3: உச்சம் உண்மையா, தற்செயலா

கதிர்த்தொழிற்பாட்டு அழிவு தற்செயல் நிகழ்வு. வெறும் பின்னணியே சில இடங்களில் எழும்பி உச்சம் போலத் தெரியும். இதற்கு 1968-இல் கியூரி என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் தந்த வரம்புகளைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் (நோபல் பரிசு பெற்ற மேரி கியூரி அல்ல, இவர் லொயிட் கியூரி).

பின்னணி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 2.33-ஆல் பெருக்குங்கள், உச்சத்தின் நிகர எண்ணிக்கை அதைத் தாண்டினால்தான் "ஏதோ இருக்கிறது" என்று சொல்லலாம். இன்னொரு கேள்வி: எவ்வளவு இருந்தால் நாம் நிச்சயமாகக் கண்டுபிடித்திருப்போம்? அதற்கு வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 2.71 கூட்டுங்கள். பின்னணி 400 என்றால் முதல் வரம்பு ஏறத்தாழ 47, இரண்டாவது ஏறத்தாழ 96.

இந்த முதல் வரம்பு 5 வீதம் தவறான அபாய அறிவிப்பை அனுமதிக்கிறது, அதை மறக்காதீர்கள். ஒரே நிறமாலையில் நூறு சமதானிகளைத் தேடினால், ஒன்றுமே இல்லாத நாளிலும் ஏறத்தாழ ஐந்து "அகப்படும்". ஆகவே ஒரே கோட்டில் வரம்பைச் சற்றுத் தாண்டிய ஒன்றை வைத்துக்கொண்டு பத்திரிகைக்காரரை அழைப்பது பொறுப்பற்ற வேலை.

## படி 4: எண்ணிக்கையைச் செறிவாக மாற்றுங்கள்

ஒரு கணக்கை முழுதாகச் செய்து பார்ப்போம். 500 கன மீற்றர் வீதம் 24 மணி என்றால் 12,000 கன மீற்றர் காற்று. பேரியம்-140 537.3 கேஇவி-இல் 100 அழிவுக்கு 24.4 கதிர்களை விடும். உணரியின் வினைத்திறன் அந்தச் சக்தியில் 5 வீதம் என்று வையுங்கள். 24 மணி, அதாவது 86,400 விநாடி எண்ணுகிறோம். மேலே சொன்ன 96 எண்ணிக்கையை 0.05 × 0.244 × 86,400-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.091 பெக்கரல். அதை 12,000-ஆல் வகுத்தால் கன மீற்றருக்கு ஏறத்தாழ 7.6 மைக்ரோபெக்கரல்.

இதோடு முடியவில்லை. காற்றைச் சேர்க்கும்போதும், ஆறவிடும்போதும், எண்ணும்போதும் பேரியம் அழிந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு நாள் என்றால் மூன்றும் சேர்ந்து 0.90 என்ற காரணி வரும், 7.6-ஐ அதனால் வகுத்தால் 8.4. நிபந்தனையான 10 முதல் 30-க்குக் கீழேயே வந்துவிட்டோம், நல்ல நிலையம். அரைவாழ்வு குறைந்தவற்றுக்கு இந்தத் திருத்தம் மிகப் பெரிதாகும். அங்கேதான் பலர் அவசரப்பட்டுப் பிழையான எண்ணை எழுதிவிடுகிறார்கள்.

எண்ணைத் தனியாக எழுதாதீர்கள். நிச்சயமின்மையையும் பக்கத்தில் எழுதுங்கள், "அகப்படவில்லை" என்றால் எந்த வரம்புக்கு மேல் அகப்படவில்லை என்றும் எழுதுங்கள். வரம்பு இல்லாத "இல்லை" என்பதற்கு ஒரு பெறுமதியும் கிடையாது.

## படி 5: யார் யாரோடு வந்திருக்கிறார்கள்

இதுதான் முழு வேலையின் இதயம், ஆறுதலாகப் படியுங்கள்.

சீசியம்-137 மட்டும் அகப்பட்டால் உற்சாகப்பட வேண்டாம். 1950-களிலும் 60-களிலும் விழுந்த சீசியம் இன்னும் மண்ணில் இருக்கிறது. காட்டுத் தீயும் புழுதிக் காற்றும் அதைத் தூக்கிவிடும். அயடின்-131 மட்டும் வந்தால் தைரொயிட் சிகிச்சை கொடுக்கும் வைத்தியசாலையையும், அதைத் தயாரிக்கும் ஆலையையும் நினையுங்கள். தெக்னீசியம்-99எம் வந்தாலும் அப்படித்தான் (எம் என்பது, அதே சமதானி கூடுதல் சக்தியோடு சற்று நேரம் நிற்கும் நிலை).

ஒற்றைச் சமதானியின் சிறந்த பாடம் 2017. அந்த ஆண்டு செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும் ஐரோப்பா முழுவதும் ருத்தேனியம்-106 அகப்பட்டது. அளவு சாதாரணமல்ல. ஆனால் அதோடு வர வேண்டிய அயடினோ சீசியமோ பேரியமோ இல்லை. குண்டு வெடித்திருந்தாலோ அணு உலை சிதைந்திருந்தாலோ ருத்தேனியம் மட்டும் தனியாகப் புறப்பட்டு வராது. ஆகவே பாவித்த எரிபொருளை மறுசீரமைக்கும் ஆலை ஒன்றில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். காற்றுக் கணக்கு தென் யூரல் பகுதியைக் காட்டியது. எதுவெல்லாம் வரவில்லை என்பதே அங்கே விடையைக் கொடுத்தது.

உலை விபத்தையும் குண்டையும் பிரிக்கச் சீசியம்-134 உதவும். அது நேரடியாகப் பிளவில் பிறப்பதில்லை எனலாம், ஏனெனில் அதற்கு முன்னால் செனான்-134 என்ற நிலையான சமதானி வழியை அடைத்து நிற்கிறது. உலைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் சீசியம்-133 ஒரு நியூத்திரனை விழுங்கினால்தான் 134 ஆகும். குண்டில் அதற்கு நேரமே இல்லை. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவிலிருந்து வந்த காற்றில் சீசியம்-134-உம் 137-உம் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. அதைப் பார்த்த எவரும் இது உலை என்று அந்த நிமிடமே சொல்லலாம். நம்மவர்கள் கூடங்குளத்தைப் பற்றி அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன், கொழும்பிலிருந்து அது சுமார் 270 கிலோமீற்றர்தான்; அங்கே என்றாவது ஏதாவது நடந்தால் நாம் முதலில் தேட வேண்டியதும் இந்தச் சோடியைத்தான்.

குண்டின் கையெழுத்து வேறு. பேரியம்-140, சிர்க்கோனியம்-95, மொலிப்டினம்-99, நியோடைமியம்-147, சீரியம்-141 போன்ற, எளிதில் ஆவியாகாத பொருட்கள் ஆவியாகும் அயடினோடும் தெலூரியத்தோடும் சேர்ந்தே வரும். உலை விபத்தில் ஆவியாகும் பொருட்களே தூக்கலாக வரும். இவற்றோடு நெப்தூனியம்-239-உம் யுரேனியம்-237-உம் தெரிந்தால், சுற்றிலும் யுரேனியம்-238 இருந்து நியூத்திரன் வெள்ளத்தில் நனைந்திருக்கிறது என்று பொருள்.

வியன்னாவில் இருக்கும், உடன்படிக்கை அமைப்பின் சர்வதேசத் தரவு மையம் துணிக்கை மாதிரிகளை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. வழமையான இயற்கைச் சமதானிகள் மட்டும் என்றால் நிலை 1. வழமைக்கு மாறான செயற்கைச் சமதானி ஒன்று என்றால் நிலை 4. அப்படிப் பல, அவற்றில் ஒன்றாவது பிளவு விளைபொருள் என்றால் நிலை 5. அப்போது வடிதாளை வெட்டி இரண்டு வெவ்வேறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்புவார்கள். "வழமை" என்பது அந்தந்த நிலையத்தின் வரலாறு. இன்னொரு ஊரின் வழமையைக் கொண்டுவந்து இங்கே வைக்க முடியாது.

## படி 6: எத்தனை நாள் பழையது

பேரியம்-140 அழிந்து லாந்தனம்-140 பிறக்கிறது. வெடித்த கணத்தில் லாந்தனம் ஏறத்தாழ இல்லை. நாள் போகப் போக அது ஏறி, கடைசியில் பேரியத்தின் 1.15 மடங்கில் நிலைத்து நிற்கும். ஆகவே இரண்டின் விகிதம் வயதைச் சொல்லும். சூத்திரம் இது:

லாந்தனம் ÷ பேரியம் = 1.15 × (1 − ½ இன் அடுக்கு (நாள் ÷ 1.93))

அளந்த விகிதம் 0.60 என்று வையுங்கள். வயது ஏறத்தாழ 2.05 நாள், அதாவது இரண்டு நாளும் ஒரு மணி நேரமும். விகிதத்தில் 5 வீதம் பிழை இருந்தாலும் வயது மூன்றரை மணி நேரம் அளவுக்குத்தான் முன்பின்னாகும். மிக அருமையான கடிகாரம். வெடித்த நேரம் மணிக்கணக்கில் தெரிந்துவிட்டால், நிலநடுக்கப் பதிவில் அந்த நேரத்தில் என்ன இருந்தது என்று உடனே தேடலாம்.

ஆனால் பத்து நாள் பழைய மாதிரியில் இதே 5 வீதப் பிழையைப் போட்டுப் பாருங்கள். விகிதம் 1.12. கீழ்ப்பக்கம் போனால் வயது 7 நாள் என்று வரும்; மேல்பக்கம் போனால் 1.18, அது 1.15-ஐத் தாண்டிவிட்டது, விடையே கிடையாது. பத்து நாளில் இந்தக் கடிகாரம் நின்றுவிட்டது. அதற்கு மேல் சிர்க்கோனியம்-95, நையோபியம்-95 சோடிக்குப் போக வேண்டும். அதன் விகிதம் மாதக்கணக்கில் ஏறி 2.2-இல் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, நீங்கள் கணிப்பது பேரியம் தனியாகப் பிரிந்த நேரம். துணிக்கைகளில் இரண்டும் சேர்ந்தே பயணித்தன என்ற எடுகோள் அதில் இருக்கிறது. இரண்டாவது, லாந்தனம்-140 ஒரே அழிவில் பல கதிர்களை அடுத்தடுத்து விடும். வடிதாள் உணரியோடு ஒட்டியிருந்தால் இரண்டு கதிர் ஒரே நேரத்தில் விழுந்து ஒன்றாக எண்ணப்பட்டு, 1596 உச்சம் உண்மையை விடச் சிறிதாகத் தெரியும். அந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் மாதிரி உண்மையை விட இளமையாகத் தெரியும், தேதி பிழைக்கும்.

## படி 7: செனான்

10 கன மீற்றர் காற்றில் சாதாரண செனான் ஒரு மில்லிலீற்றர்கூட இல்லை. அதைக் கரியில் உறிஞ்சிப் பிடித்து, ரேடனைப் பிரித்து எறிந்து, மீதியை அளக்கின்றன சுவீடனின் சோனா, பிரான்சின் ஸ்பாலக்ஸ் போன்ற கருவிகள். செனான்-133-ஐக் கன மீற்றருக்கு 1 மில்லிபெக்கரல் அளவில் பிடிக்க வேண்டும் என்பது நியமம்.

நமக்கு வேண்டியவை நான்கு: செனான்-135 (9.14 மணி), செனான்-133எம் (2.2 நாள்), செனான்-133 (5.25 நாள்), செனான்-131எம் (11.9 நாள்). தனியாகச் செனான்-133 வந்தால் அது எதையும் சொல்லாது. அணு உலைகள் நாளாந்தம் விடுகின்றன. அதைவிட முக்கியம், வைத்தியசாலைகளுக்கு மொலிப்டினம்-99 தயாரிக்கும் ஆலைகள் விடுகின்றன. சிட்னிக்குப் பக்கத்தில் லூக்காஸ் ஹைட்ஸ், பெல்ஜியத்தின் ஃப்ளூரஸ், தென்னாபிரிக்காவின் பெலிண்டாபா எல்லாம் அப்படிப்பட்டவை. அங்கே யுரேனியத்தைச் சில நாட்கள் மட்டும் கதிரூட்டி உடனே கரைப்பதால் வரும் செனான், குண்டின் செனானை மிக நெருக்கமாக ஒத்திருக்கும். இந்தத் துறையின் மிகப் பெரிய தலைவலி இதுதான். எத்தனையோ நோயாளிகளின் ஸ்கேன் அந்த ஆலைகளில்தான் தங்கியிருக்கிறது, மூடிவிடுங்கள் என்று சொல்ல முடியாது. புகைபோக்கி அளவுகளைத் தாமாகவே பகிரும் ஆலைகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

நான்கும் கிடைத்தால் ஒரு வரைபடம் போடுங்கள், மடக்கை அளவிடையில்: ஒரு அச்சில் செனான்-135 ÷ 133, மற்றதில் 133எம் ÷ 131எம். நீண்ட நாள் ஓடும் உலையில் செனான்-135 பெருமளவு நியூத்திரன்களை விழுங்கி அழிந்துவிடும், 131எம் நிதானமாகச் சேர்ந்துவிடும். ஆகவே உலையின் புள்ளிகள் ஒரு பக்கமாகவும் குண்டின் புள்ளிகள் மறுபக்கமாகவும் விழும். நாள் போகப் போக இரண்டுமே தத்தம் பக்கத்தில் கீழிறங்கும்.

நடைமுறையில் நான்கும் கிடைப்பது அரிது. செனான்-135 நான்கே நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வட கொரியாவின் வரலாற்றைப் பாருங்கள்: 2006 ஒக்டோபர் சோதனையின் செனான்-133 கனடாவின் யெலோநைஃப் வரை போய் அகப்பட்டது. 2009 மே சோதனையில் எதுவுமே அகப்படவில்லை. 2013 பெப்ரவரி 12 சோதனையில் ஏறத்தாழ எட்டு வாரம் எதுவும் இல்லை. பிறகு 55-ஆம் நாள் ஜப்பானின் தகசாகி நிலையத்தில் செனான்-133-உம் 131எம்-உம் சேர்ந்து வந்தன. அந்த 55 நாளில் செனான்-133 ஏறத்தாழ 1,400-இல் ஒரு பங்காகிவிட்டது, 131எம் மட்டும் 25-இல் ஒரு பங்கு. இரண்டின் விகிதத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது அது சோதனை நாளோடு பொருந்தியது. இந்தத் துறையில் இதைவிட அழகான வேலையை நான் பார்த்ததில்லை.

## படி 8: காற்றைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

இப்போது மாதிரியில் இருப்பது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. அளந்த இடத்திலிருந்து காற்றைப் பின்னோக்கி நாட்கணக்கில் ஓட்டும் கணினி மாதிரிகள் உண்டு: ஃப்ளெக்ஸ்பார்ட் திறந்த மூலம், ஹைஸ்பிளிட் இணையத்திலேயே இலவசமாக ஓடும். ஒரே கோட்டை வரைந்து "இங்கிருந்து வந்தது" என்று சொல்லாதீர்கள். ஆயிரக்கணக்கான துணிக்கைகளை விட்டு, எந்தப் பகுதிகளிலிருந்து வந்திருக்கக்கூடும் என்ற பரப்பைத்தான் பார்க்க வேண்டும். அகப்படாத நிலையங்களும் இங்கே சாட்சி சொல்லும். அந்தப் பகுதியிலிருந்து வந்திருந்தால் பக்கத்து நிலையத்திலும் அகப்பட்டிருக்க வேண்டும் என்றால், அங்கே இல்லை என்பதே அந்தப் பகுதியை வெட்டிவிடும்.

கொழும்புக்கு இதில் பருவம்தான் எல்லாம். மார்கழி, தையில் வாடை வீசும்போது நம் காற்று வங்காள விரிகுடாவிலிருந்தும் இந்தியப் பெருநிலத்திலிருந்தும் வருகிறது. வைகாசி கடந்து சோளகம் எழுந்தால் தென் இந்து சமுத்திரத்திலிருந்து மத்திய கோட்டைத் தாண்டி, ஆபிரிக்கக் கரையோரம் வளைந்து, அரபிக்கடல் வழியாக வருகிறது. ஆடி மாதத்தில் இந்தியாவின் அணுச் சோதனைத் தளமான பொக்ரானிலிருந்து நேரே கொழும்புக்குக் காற்று வருகிறது என்று யாராவது சொன்னால் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட சித்திரை, ஐப்பசியில்தான் உண்மையில் சிக்கல்: காற்று பலவீனம், மாலை இடிமழை, மாதிரி சொல்லும் பாதையில் நம்பிக்கை குறைவு.

## படி 9: மற்றச் சாட்சிகளோடு வைத்து எழுதுங்கள்

நிலநடுக்கப் பதிவு "வெடித்தது, இந்த இடத்தில், இந்த நேரத்தில்" என்று சில மணி நேரத்திலேயே சொல்லும். அது அணுகுண்டா, சாதாரண வெடிமருந்தா என்று அதனால் சொல்ல முடியாது. காற்று அதைச் சொல்லும், ஆனால் இடத்தைத் துல்லியமாகச் சொல்லாது. இரண்டும் ஒன்றுக்கொன்று தேவை.

2010 மே மாதம் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கொரியாவிலும் ஜப்பானிலும் செனானும், ஒகினாவாவில் பேரியம்-140-உம் லாந்தனம்-140-உம் அகப்பட்டன. வட கொரியா இரகசியமாகச் சிறிய சோதனை ஒன்றைச் செய்திருக்கலாம் என்று சுவீடனைச் சேர்ந்த அனுபவமிக்க ஆய்வாளர் ஒருவர் 2012-இல் வாதிட்டார். நிலநடுக்க ஆய்வாளர்கள் தம் பதிவுகளைத் தோண்டிப் பார்த்து, அப்படி ஒரு வெடிப்புக்கான தடயம் இல்லை என்றார்கள். வாதம் பல ஆண்டு நீடித்தது. இரு பக்கமும் எண்களை மேசையில் வைத்துத்தான் பேசினார்கள், அதனால்தான் இன்றும் அந்த விவாதத்தைப் படித்துக் கற்றுக்கொள்ள முடிகிறது.

உங்கள் அறிக்கையில் முதலில் அளந்ததை எழுதுங்கள், பிறகு கணித்ததை, கடைசியில் உங்கள் கருத்தை, மூன்றையும் கலக்காமல். ஒதுக்கிய விளக்கங்களையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்று எழுதுங்கள்: இயற்கை, பழைய விழுதூசி, வைத்தியசாலை, மொலிப்டினம் ஆலை, உலை. சர்வதேசத் தரவு மையம்கூட "இது அணுச் சோதனை" என்று தீர்ப்புச் சொல்வதில்லை. தரவையும் பகுப்பாய்வையும் கொடுக்கும், தீர்ப்பு நாடுகளின் கையில். ஆகவே ஒவ்வொரு நாட்டிலும் இதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஆட்கள் இருந்தாக வேண்டும், நம் சிறிய நாட்டிலும்.

## இங்கிருந்தே பழக

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானத் துறை இருக்கிறது, இலங்கை அணுசக்திச் சபையும் இங்கேதான். வீட்டிலிருந்தும் தொடங்கலாம். நிறமாலை பார்க்க இன்டர்ஸ்பெக் என்ற இலவச மென்பொருள்; அரைவாழ்வுக்கும் கதிர்ச் சக்திக்கும் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் இணையச் சமதானி அட்டவணை. உடன்படிக்கை அமைப்பின் தரவுகளை ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெறவும் வழி உண்டு.

முதல் பயிற்சியாக இதைச் செய்யுங்கள். ஹைஸ்பிளிட்டில் பழைய வானிலைத் தரவும் இருக்கிறது. 1998 மே 11 அன்று பொக்ரானிலிருந்து (வட அகலாங்கு 27.1, கிழக்கு நெட்டாங்கு 71.8) காற்றை முன்னோக்கிப் பத்து நாள் ஓட்டுங்கள். பிறகு கொழும்பிலிருந்து (6.9, 79.9) அதே நாட்களுக்குப் பின்னோக்கி ஓட்டுங்கள். அடுத்து, அதே ஆண்டின் ஜனவரிக்கும் ஜூலைக்கும் இதையே திருப்பிச் செய்து ஆறு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாதை எத்தனை நாள் எடுக்கிறது என்று பார்த்து, அத்தனை நாளில் செனான்-133-உம் 135-உம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடுங்கள். அடுத்த முறை குழுவில் செய்தி வரும்போது அந்தப் படத்தையும் கணக்கையும் சேர்த்தே அனுப்பலாம்.